குறைத்துச் சொன்ன காற்று

ஜூன் 3, செவ்வாய்

நாளைக்குக் காற்று வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் இவர் செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தத்திலேயே சேதி தெரிந்துவிட்டது. ரெண்டாம் யூனிட்டை நாளைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"உன் காத்து வந்துடுச்சு போல, சந்தோஷமா?" என்றார்.

"நானா ஊதி விடுறேன்? வருதுன்னா வருதுன்னுதானே சொல்ல முடியும்?"

சண்டை வந்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவ்வளவு காற்று வீசும், எங்கள் கம்பெனிக் காற்றாலைகள் எவ்வளவு மின்சாரம் தரும் என்று தினமும் காலையில் சொல்வது என் வேலை. கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டுத் தரும். நான் மேகத்தையும் முந்தின நாள் போக்கையும் பார்த்து அதைக் கொஞ்சம் ஏற்றுவேன், அல்லது இறக்குவேன். கைத்திருத்தம் என்று அதற்குப் பெயர். அந்த எண், எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற கிரிட் ஆபீஸுக்குப் போகும். காற்று நிறைய என்றால் அவ்வளவு நிலக்கரியை எரிக்க வேண்டாமே, அதனால் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை நிறுத்தச் சொல்வார்கள். எப்போதும் முதலில் கை வைப்பது கிழட்டு யூனிட்டில். அதாவது ரெண்டாம் யூனிட். அதன் பாய்லருக்கு ஷிப்ட் பொறுப்பாளர் இவர்.

ஆக, இவர் பற்ற வைக்கிற அடுப்பை அணைக்கிறவள் நான். கல்யாணப் பேச்சு நடந்தபோது இரண்டு பேருக்கும் மின்சாரத்தில் வேலை, நல்ல பொருத்தம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

மீசை அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். மீசை அண்ணன் இவருடைய ஷிப்டில் வேலை பார்ப்பவர். கூடப்பிறந்தவர் இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த மீசைக்கு அவர் போடும் எண்ணெயில் ஒரு குடும்பமே தலை வாரிக்கொள்ளலாம் என்பது அண்ணியின் புகார்.

"தங்கச்சி, கொஞ்சம் காத்தைக் குறைச்சுப் போடேன்மா. அணைக்கறதும் பத்த வைக்கறதுமா உயிர் போகுது" என்றார்.

"அவகிட்ட சிபாரிசா? என் பேச்சையே கேக்க மாட்டா" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு இவர் சிரிக்காமல் சொன்னார், அந்த பாய்லர் வருஷக்கணக்கில் அணையாமல் எரிவதற்காகக் கட்டியது என்று. வாரத்துக்கு வாரம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே குழாய்களெல்லாம் செத்துக்கொண்டிருக்கின்றன. அண்ணி பேச்சை மாற்றினாள்.

ஜூன் 12, வியாழன்

ஆபீஸில் கூட்டம். மேலாளர் திரையில் ஒரு கோடு காட்டினார். காற்று மின்சாரத்தின் வளர்ச்சி. படி ஏறுவது போல ஏறிக்கொண்டே போயிற்று. அடுத்தது கடலுக்குள் காற்றாலை நடப்போகிறார்களாம். ஒரு இறக்கையின் நீளத்துக்கு எங்கள் தெருவே போதாது. பேட்டரிகளில் சேர்த்து வைக்கும் காலம் வந்துவிட்டால் காற்றில்லாத நாளிலும் கவலையில்லை, நிலக்கரியை மறந்துவிடலாம் என்றார். "எதிர்காலம் நம்ம பக்கம்!"

கைதட்டினோம். நானும்தான். பொய்யாகத் தட்டவில்லை. புகையில்லாத ஊரில் என் மகள் மூச்சு விட வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் அந்தத் திரையில் காட்டாத இன்னொரு கோடு இருக்கிறது, இறங்கிக்கொண்டே போகிறது. அதில் உட்கார்ந்திருக்கிறவர் வீட்டுக்கு வந்து என்னிடம் தண்ணீர் கேட்பார்.

ஜூன் 17, செவ்வாய்

விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள். கல்லூரியில் 'காற்றாற்றலின் எதிர்காலம்' என்று கட்டுரை கொடுத்திருக்கிறார்களாம். "நீ சொல்லும்மா, நான் எழுதிக்கறேன்." நன்றாகத்தான் சொன்னேன். தீராத எரிபொருள், கரி இல்லை, சாம்பல் இல்லை, புது வேலைகள்.

"பழைய வேலையெல்லாம் என்னம்மா ஆகும்?"

"அதையும் ஒரு பத்தி எழுது."

"என்னன்னு?"

"அப்பாகிட்ட கேளு" என்று போனைக் கொடுத்தேன். இவர் அவளிடம் சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

இவர் ஒரு கெட்ட சேதி கொண்டுவந்தார். இந்தக் காற்று சீசனில் ரெண்டாம் யூனிட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பார்களாம். பெரும்பாலும் நின்றுதான் கிடக்கிறது என்றால் நிரந்தரமாக மூடிவிடுவார்கள். மேலேயிருந்து வந்த உத்தரவு.

"மூடினா உங்களுக்கு வேற யூனிட் குடுப்பாங்கல்ல?"

"அங்க ஆளு நிரம்பி வழியுது. இந்த வயசுல என்னை எவன் கூப்பிடுவான்? எனக்கு அந்த பாய்லரைத் தவிர என்ன தெரியும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று குறைத்துப் போட்டேன்.

ஜூன் 25, புதன்

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. கம்ப்யூட்டர் நல்ல காற்று என்றது, எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் இறக்கிவிட்டேன். யூனிட்டை நிறுத்த வேண்டாத அளவுக்கு மட்டும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கைத்திருத்தத்தில் நான் தவற மாட்டேன் என்று இத்தனை வருஷமாகப் பெயர் வாங்கி வைத்திருக்கிறேனே, அந்தப் பெயர் எதற்காவது உதவ வேண்டாமா?

இன்று காற்றும் சுமாராகத்தான் அடித்தது. தப்பித்தேன். ரெண்டாம் யூனிட் நிற்காமல் ஓடியது.

ஜூன் 29, ஞாயிறு

வாரம் முழுக்க அதையே செய்தேன். யூனிட் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பிடும்போதுகூட எங்கேயோ இருக்கிறார்.

"யூனிட் நல்லா ஓடுதே, அப்புறம் என்ன?"

"ம். ஓடுது."

"மூட மாட்டாங்கல்ல?"

"பாப்போம்." தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இந்த மனுஷனைச் சந்தோஷப்படுத்த நான் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

ஜூலை 2, புதன்

நாளைக்குப் பெருங்காற்று. கம்ப்யூட்டர் வேண்டாம், ஜன்னலைத் திறந்து பார்த்தாலே போதும். மேற்கே மேகம் கிழிந்து கிழிந்து ஓடுகிறது. ஆனாலும் இறக்கினேன். சீசன் முடிய இன்னும் ரெண்டு மூன்று மாதம்தான். அதுவரைக்கும் ஓட்டிவிட்டால் போதும்.

ஜூலை 3, வியாழன்

பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குடை பிடிக்க முடியாத காற்று. எங்கள் காற்றாலைகள் அத்தனையும் நின்றுகொண்டிருந்தன. இறக்கைகளைப் பக்கவாட்டில் திருப்பி, காற்று பிடிக்காதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். நிலக்கரி யூனிட்கள் எல்லாம் ஏற்கெனவே ஓடுவதால் கிரிட்டில் இடமில்லை, உங்கள் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பின்சீட்டில் ஒரு பெரியவர், "இவ்ளோ காத்துல இதெல்லாம் ஏன் சும்மா நிக்குது? எல்லாம் ரிப்பேரா?" என்றார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மேலாளர் திட்டியிருந்தால் தேவலை. "நீங்க தப்பு பண்ணி நான் பாத்ததே இல்லையே. உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

வீட்டில் இவரும் கேட்டார். "வெளிய பிச்சுக்கிட்டு அடிக்குது. நீ காத்தே இல்லன்னு குடுத்திருக்கியே?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கம்மிதான்."

நாளைக்கும் குறைத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். இவர் வெகுநேரம் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

பாய்லர் குழாய் வெடித்துவிட்டது. இவருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று மூன்று பேர் போனில் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

மீசை அண்ணனுக்கு—

ஜூலை 5, சனி

ஆஸ்பத்திரி. நீராவி. முகத்தில் ஒரு பக்கம், கழுத்து, வலது கை முழுக்க. மருந்து போட மீசையை மழித்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, படுத்திருப்பது யார் என்று ஒரு கணம் தேடினேன். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். கை பழையபடி ஆகுமா என்று அண்ணி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அண்ணி யாரோடும் பேசவில்லை. இவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 11, வெள்ளி

இவர் இன்றுதான் வாய் திறந்தார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் என் மனம் இதை எப்படியாவது மாற்றி வைத்துக்கொள்ளும்.

"ஒரு குழாய் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஜூன் கடைசியிலேர்ந்து. லேசாத்தான். அந்தக் கசிவுக்கெல்லாம் யூனிட்டை நிறுத்த விட மாட்டாங்க. காத்து நாள் வந்தா எப்படியும் நிறுத்தச் சொல்வாங்கல்ல, அப்ப உள்ள போய்ச் சரி பண்ணிடறது. எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம். சீசன்தானே, ரெண்டு நாள்ல காத்து நாள் வந்துடும்னு இருந்தோம். இந்தத் தடவை வரவே இல்ல. அன்னிக்குச் சத்தம் மாறுதேன்னு அவனைப் போய்ப் பாக்கச் சொன்னேன். நான்தான் அனுப்பினேன்."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட."

காத்து வந்துச்சே. கடவுளே, அவ்வளவு காத்து வந்துச்சே! நான்தானே வரலன்னு எழுதினேன். இவர் வாசல்ல நின்னு வானத்தைப் பாத்தாரே, அப்பகூட நான் வாயைத் திறக்கலையே. கசியுதுன்னு எனக்குத் தெரியாது. நான் குறைச்சுப் போடுறேன்னு இவருக்குத் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பொத்திப் பொத்தி வச்சு, நடுவுல அந்த மனுஷன் வெந்து போயிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

சமையல் செய்தேன். துணி துவைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

விசாரணை தொடங்கிவிட்டது. இவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கசிவு தெரிந்தும் ஏன் ஓட்டினாய், ஆளை ஏன் பக்கத்தில் அனுப்பினாய்?

"காத்து நாளுக்காகக் காத்திருந்தோம்னு சொன்னேன். 'காத்து இல்லன்னு முந்தின நாளே எண் வந்துடுச்சே, அப்புறம் எதை நம்பிக் காத்திருந்தே?'ங்கறான். அதுக்கு என்னத்தைச் சொல்ல?"

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்து, ஒவ்வொரு நாளாக.

கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் மடித்தார்.

"எனக்காகவா பண்ணே?"

"ஆமா."

"நான் கேட்டேனா?"

மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத. என் வேலை எப்படியும் போயிடும். உன்னோடதாவது மிஞ்சட்டும். பொண்ணு படிச்சு முடிக்கணும்."

தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபீஸில் என் திருத்தங்களை யாரும் சந்தேகப்படவில்லை. சீசனே இந்த வருஷம் தாறுமாறு என்று அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடலாம். கடல் காற்றாலைத் திட்டத்துக்கான குழுவில் என் பெயரும் இருக்கிறதாம். மேலாளர் கை குலுக்கினார். வாழ்த்து சொன்னார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 30, புதன்

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அண்ணி வெளியே பெஞ்சில் இருந்தாள். இத்தனை நாள் பேசாதவள், பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னாள்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன் புருஷன் பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவே? ஆனா அவர் மூஞ்சியில மட்டும் இந்த ஜென்மத்துல முழிக்க மாட்டேன். கூடப் பொறந்தவன் மாதிரி பழகிட்டு, சாவுன்னு தெரிஞ்சு உள்ள அனுப்பியிருக்காரே."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! அந்தக் கை என் மேல் பட்டதும் என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அவர் இல்ல அண்ணி" என்று ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தாமல் முழுக்கச் சொன்னேன்.

மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். கஞ்சிப் பாத்திரத்தை என் மடியில் வைத்தாள். "போ" என்றாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. அந்த ஒரு வார்த்தைதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இவரிடம் சொல்லாமல்தான் போனேன். கைத்திருத்தத்துக்கு முன்னால் இருந்த எண், பின்னால் இருந்த எண் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "இதனால் உங்களுக்கு என்ன ஆதாயம்?"

"என் வீட்டுக்காரர் அந்த யூனிட்டுல வேலை பாக்குறார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இவர் இப்படிக் கத்திக் கேட்டதில்லை. "உன் இஷ்டத்துக்கு என் வேலையைக் காப்பாத்தினே! இப்ப உன் இஷ்டத்துக்கு உன் வேலையையும் தொலைச்சுட்டே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணவே தோணாதா?"

தோணியிருக்கணும். ரெண்டு தடவையும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கு வேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்ததே பெரிய விஷயம் என்றார் மேலாளர். கைத்திருத்தம் இனி கிடையாதாம். கம்ப்யூட்டர் சொல்வதை மனிதர் தொட முடியாதபடி மாற்றிவிட்டார்கள். அந்தக் கோடு ஏறத்தான் போகிறது, நான் இல்லாமலே.

இவர் மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் வெடித்த யூனிட்டைச் சரிசெய்வது வீண் என்று அதை மூடவும் உத்தரவு போட்டுவிட்டார்கள். அது மூடப்படக் கூடாது என்றுதானே எல்லாம் செய்தேன். சீசனின் கணக்கைக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு முன்பே மூடியாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

மீசை அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாராம். இவர் தினமும் போகிறார். முதல் வாரம் வாசலிலேயே நிறுத்தினார்களாம், இப்போது உள்ளே விடுகிறார்கள். வலது கை விரல்கள் மடங்கவில்லை.

அனல்மின் நிலையத்து இடத்திலேயே, காற்று மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரிக் கொட்டகை வருகிறது. அங்கே கண்காணிப்பு வேலைக்கு இவரையும் மீசை அண்ணனையும் கேட்டிருக்கிறார்கள். பெரிய வேலை இல்லை. விரல் மடங்காதவரும் செய்யலாம். இவர் போகலாமா என்று என்னைக் கேட்டார். போங்க என்றேன். கேட்டாரே என்று அதன் பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 30, ஞாயிறு

ரெண்டாம் யூனிட்டின் புகைபோக்கியை இன்று இடித்தார்கள். வேலை பார்த்தவர்களின் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டு, தூரத்தில் கயிறு கட்டி நிறுத்தினார்களாம். நான் போகவில்லை. சத்தம் மட்டும் வீடு வரைக்கும் வந்தது. ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.

இவர் தலையெல்லாம் தூசியோடு வந்தார். குளித்தார். சாப்பாடு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உன்னைக் கேட்டா."

"யாரு?"

"அவன் பொண்டாட்டி. 'அவ வரலையா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'உங்க முன்னாடி நிக்க வெக்கப்படுறா'ன்னு சொன்னேன்."

"அதுக்கு அண்ணி?"

"'படட்டும்'னு சொன்னா."

குழம்பு வேண்டும் என்று தட்டை நகர்த்தினார். ஊற்றினேன். பிறகு, ஜூலைக்கு அப்புறம் முதல் தடவையாக, நானும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு இவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.